கம்பளிப்பூச்சிக்கும் ஒரு கருத்துரை

கருப்புக் கோட்டு போட்டாச்சு, அடுத்தது அரசாங்க வக்கீல் ஆகணும்னு ஒங்கப்பன்ட்ட சொன்னியாம்லா. நல்ல ஆசைதான் யய்யா. ஆனா ஆசைப்படுறதுல கஞ்சத்தனம் பண்ணாத. கோர்ட்டுல ஏறி நின்னு வாதாடுற அரசாங்க வக்கீலுக்கு என்ன சொகம் இருக்கு? ஜட்ஜு ஏசுவாரு, எதிர்த்தரப்பு சிரிப்பான், கேஸு தோத்தா கலெக்டர் ஆபீஸ்லருந்து போன் வரும். நீ ஆகுறதுன்னா, அரசாங்கத்துக்கு ஆலோசனை எழுதிக் குடுக்குற வக்கீலா ஆயிரு. ஒலகத்துலயே சேதாரம் இல்லாத தொழில் அதான். களவாங்குனவன் மாட்டுவான், ஏணி பிடிச்சவனும் மாட்டுவான். "ஏணி பிடிச்சு ஏறுனா அது களவே ஆகாது"ன்னு தாள்ல எழுதிக் குடுத்தவன மட்டும் ஒருத்தனும் தொட மாட்டான்.

நம்பலையோ? அமெரிக்காவுல நடந்ததச் சொல்லுதேன், கேட்டுக்கோ. எட்டாங்கிளாஸ் கெழவனுக்கு அமெரிக்கா எதுக்குன்னு மூஞ்சியச் சுளிக்காத. நம்ம ஊரு நூலகத்துல ஃபேன் ஓடுது, வீட்டுல ஓடல. அதான் நான் நெறையப் படிக்கேன்.

2001 செப்டம்பர் 11. விமானத்த விட்டு மோதுனதுல மூவாயிரம் பேருக்குப் பக்கத்துல செத்துப் போனாவ. நாடே நடுங்கிக் கெடந்துச்சு. அத நான் கொற சொல்ல மாட்டேன். மறு வருஷம் மார்ச்சுல பாகிஸ்தான்ல ஃபைசலாபாத்ல வச்சு மோதுனவன் கூட்டத்து ஆளுன்னு சொல்லி அபு சுபைதான்னு ஒருத்தனப் பிடிச்சாவ. அவன் வாயத் தொறக்க வைக்கணும். எப்படித் தொறக்கணும்னு சிஐஏக்காரவளுக்கு ஒரு யோசனை இருந்துச்சு. குறுக்க ஒரு முள்ளும் கெடந்துச்சு. வெளிநாட்டுல வச்சு ஒருத்தனச் சித்திரவதை பண்ணுனா 20 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆள் செத்துட்டா மரண தண்டனைகூட உண்டுன்னு 1994லயே அவுக நாட்டுச் சட்டத்துல எழுதி வச்சிருக்காவ.

அங்க நீதி இலாகாவுக்குள்ள சட்ட ஆலோசகர் அலுவலகம்னு ஒண்ணு உண்டு. ஆள் கொஞ்சம், மகிமை ஜாஸ்தி. அவுக 'இது சட்டப்படி சரி'ன்னு எழுதிட்டா, அரசாங்கத்துக்குள்ள அதுதான் கடைசி வார்த்தை. சிஐஏ அங்கயும் போச்சு. அதே இலாகாவுல குற்றவியல் பிரிவுக்குத் தலைவரா இருந்த மைக்கேல் செர்டாஃப்ட்டயும் போச்சு. 'நாங்க செய்யப் போறதுக்கு வழக்கு வராதுன்னு இப்பமே எழுதிக் குடுத்துருங்க'ன்னு கேட்டாவ. அவரு முடியாதுன்னுட்டாரு. இது 2002 ஜூலையில. அதுக்குப் பொறவு பாரு வேடிக்கைய. ஆலோசகர் அலுவலகத்துல எழுதிட்டிருந்த கருத்துரையில ரெண்டு பகுதி புதுசா மொளச்சிச்சு. போர்க்காலத்துல படைத்தலைவரா ஜனாதிபதி உத்தரவு போட்டா இந்தச் சட்டம் அவரக் கட்டாதுன்னு ஒண்ணு. அதையும் மீறிக் கேஸு வந்தா என்னென்ன சொல்லித் தப்பிக்கலாம்னு இன்னொண்ணு.

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடிச்சுட்டு, அப்புறமா சாதகம் பொருந்துதான்னு ஜோசியர்ட்ட போறவன நீ பாத்திருக்கேல்லா? அந்த ஜோசியருக்குப் பத்துக்குப் பத்தும் பொருந்தாம என்ன செய்யும்!

2002 ஆகஸ்ட் 1. கருத்துரை ரெண்டும் ரெடி. எழுதுனதுல பெரும்பங்கு ஜான் யூ; கையெழுத்து அவருக்கு மேல இருந்த ஜே பைபி. 'கடுமையான வலி' குடுத்தாத்தான் சித்திரவதைன்னு சட்டத்துல இருக்கு. எம்புட்டு வலிச்சா கடுமை? அந்தச் சட்டத்துல அளவு இல்ல. எங்கருந்து எடுத்தாவ தெரியுமா? அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்துச் சட்டத்துலருந்து. எந்த வலிய அவசர சிகிச்சைன்னு எடுத்துக்கிட்டுக் காசு குடுக்கணும்னு சொல்ற எடத்துல அந்த வார்த்தை கெடந்துச்சு. அத வேரோட பிடுங்கிட்டு வந்து இங்க நட்டாச்சு. உறுப்பு செயலிழக்குற அளவு, உசுரே போற அளவு வலிச்சாத்தான் சித்திரவதை; அதுக்குக் கீழ எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரிச் செலவக் குடுக்க எழுதுன வரிய வச்சு, ஆள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி கண்டுபிடிச்ச மூளை இருக்கு பாரு, அத நீ கும்பிடணும்லே.

ரெண்டாவது கருத்துரை நேரா சிஐஏவுக்கு. பத்து முறைய வரிசையா போட்டு, ஒவ்வொண்ணுக்கும் 'செய்யலாம்'னு பதில். கன்னத்துல அறையலாம், சுவத்துல மோதலாம், தூங்க விடாம வைக்கலாம், பெட்டிக்குள்ள போட்டு அடைக்கலாம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. அபு சுபைதாவுக்குப் பூச்சின்னா பயமாம். அவனப் பெட்டிக்குள்ள அடைச்சு, கொட்டுற பூச்சின்னு சொல்லி ஒரு பூச்சிய உள்ள விடலாமான்னு கேட்டாவ. நெசத்துல விடப் போறது சாதுவான பூச்சிதானாம். உதாரணத்துக்குக் கம்பளிப்பூச்சின்னு எழுதியிருக்கு. பெரிய பல்கலைக்கழகத்துல படிச்ச வக்கீலுக சட்டத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்து, 'விடலாம். ஆனா கொட்டுனா செத்துருவ, உசுரு போற மாதிரி வலிக்கும்னு அவன நம்ப வைக்கக் கூடாது'ன்னு தீர்ப்பு மாதிரி எழுதிக் குடுத்தாவ. பாவம், அந்தப் பூச்சிய கடைசி வரைக்கும் உள்ள விடவே இல்லியாம். கம்பளிப்பூச்சி சாதுன்னு எழுதுனவரு நம்ம முருங்கை மரத்தடியில ஒரு நாளும் சட்டையில்லாம நின்னதில்லன்னு மட்டும் எனக்குத் தெரியுது.

ஆனா அந்தப் பத்துல தண்ணிப் பலகைன்னு ஒண்ணு, அது நெசமாவே நடந்துச்சு. சாய்ஞ்ச பலகையில கால் ஒசந்து தலை தாழ்ந்து கெடக்கும்படி கட்டணும். நெத்தியில போட்ட துணிய மூக்கும் வாயும் மூடுற வரைக்கும் எறக்கணும். 12லருந்து 24 அங்குல ஒசரத்துல இருந்து தண்ணி ஊத்தணும். ஒரு வட்டத்துக்கு 20லருந்து 40 செகண்டு மூச்சு முட்டும். அம்புட்டு அளவும் அந்தத் தாள்லயே இருக்கு. சாகப் போறோம்ங்கிற பயம் அவனுக்கு வரும்னும் ஒத்துக்கிடுதாவ. ஆனா மனசுல பட்ட காயம் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நீடிச்சாத்தான் குத்தமாம், இது நீடிக்காதாம். 2002 ஆகஸ்ட் மாசத்துல அபு சுபைதாவுக்கு மட்டும் 83 தடவை ஊத்துனாவ. அடுத்த மார்ச்சுல காலித் ஷேக் முகமதுன்னு பிடிபட்ட இன்னொருத்தனுக்கு 183 தடவை.

இந்த எடத்துல நீ வக்கீலா கொஞ்சம் காதக் குடு. டெக்சாஸ்ல ஒரு ஷெரீப்பு, கைதி மூஞ்சில துண்டப் போட்டுத் தண்ணி ஊத்தி ஒப்புதல் வாங்கியிருக்கான். அவன் மேல கேஸு போட்டது யாரு? இதே நீதி இலாகா. 1983ல 10 வருஷம் தண்டனையும் வாங்கிக் குடுத்தாவ. மறு வருஷம் மேல்கோர்ட்டுத் தீர்ப்புல தண்ணிச் சித்திரவதைன்னே எழுதியிருக்கு. அந்த இலாகா வக்கீலுக எழுதுன இந்தக் கருத்துரைகள்ல அந்தத் தீர்ப்பப் பத்தி ஒரு வரி கெடையாது. போர் நடக்கும்போதும் ஜனாதிபதிக்கு எல்லை உண்டுன்னு, இரும்பாலையக் கைப்பத்துன ட்ரூமனுக்கு எதிரா 1952ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது சட்டக் கல்லூரிப் பையனுக்கெல்லாம் மனப்பாடம். ஜனாதிபதி அதிகாரத்துக்குன்னு தனிப் பகுதியே வச்ச கருத்துரையில அதுவும் இல்ல. ஆஸ்பத்திரிச் சட்டத்துல போயி வார்த்தை தேடுன கண்ணுக்கு, சொந்த வீட்டுத் தீர்ப்பு தட்டுப்படல.

இனி கூலியப் பாரு. பைபி 2003 மார்ச்சுல மேல்முறையீட்டு நீதிபதி ஆயிட்டாரு. கருத்துரை அப்ப வெளிய வரல. யூ, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போயி சட்டம் சொல்லிக் குடுக்காரு. 2004 ஜூன்ல விஷயம் பேப்பர்ல வந்து நாறிப் போச்சு. அப்ப அந்த ஆபீஸுக்குத் தலைவரா வந்திருந்த ஜாக் கோல்ட்ஸ்மித், இத வச்சு நிக்க முடியாதுன்னு மொதக் கருத்துரைய வாபஸ் வாங்கிட்டு வேலைய விட்டே போனாரு. அவரும் அப்ப ஆண்ட கட்சி ஆளுதான், யூவுக்குக் கூட்டாளியும்கூட.

இலாகாவுக்குள்ள ஒழுங்கு விசாரணை நடத்துற ஒரு பிரிவு இருக்கு. அவுக அஞ்சு வருஷம் தோண்டுனாவ. யூவோட மின்னஞ்சல்ல பெரும்பாலானது அழிஞ்சு போச்சாம், மீக்க முடியலியாம். அது எப்படி அழியும்னு ஏங்கிட்ட கேக்காத. விசாரணையில அவருட்ட ஒரு கேள்வி: ஒரு கிராமத்துச் சனங்களக் கூண்டோட கொல்லச் சொல்லி ஜனாதிபதி உத்தரவு போடலாமா? போடலாம்னாராம். கிராமத்தான் எனக்கு அதப் படிச்சதும் தூக்கம் போச்சு. 2009ல முடிவு எழுதுனாவ: யூ வேணும்னே தொழில் ஒழுக்கம் மீறுனாரு, பைபி கண்மூடித்தனமா நடந்துக்கிட்டாரு, ரெண்டு பேரையும் பார் கவுன்சில் மாதிரி இருக்குற அவுக மாநில அமைப்புக்கு அனுப்பணும்னு.

அனுப்புனாவளா? இலாகாவுல பழம் தின்னு கொட்டை போட்ட டேவிட் மார்கோலிஸ் 2010 ஜனவரியில அத மாத்தி எழுதுனாரு. தப்பான கணிப்புதான், ஒழுக்கக் கேடு இல்ல. எந்த அளவுகோல மீறுனாவன்னு தெளிவா இல்லன்னாரு. சோலி முடிஞ்சுது. ஹோசே படில்லான்னு கடற்படைச் சிறையில அடைபட்டுக் கெடந்த அமெரிக்கக் குடிமகன், யூ மேலயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டான். அவன் ஒண்ணும் உத்தமன் இல்ல, வேற கேஸுல தண்டனை வாங்குனவன். 2012ல மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லிச்சு? அவனுக்கு நடந்தது சித்திரவதைதான்னு அந்தக் காலத்துல சட்டம் சந்தேகமில்லாமத் தெளிவா இல்லியாம். அதனால யூவ இழுக்க முடியாதாம். குளத்தக் கலக்குனதுல நமக்கும் கை உண்டுன்னாலும், தண்ணி கலங்கியிருந்துச்சுன்னு சொல்லியே கரையேறலாம்; இத நல்லாப் படிச்சு வச்சுக்கோ.

செஞ்சவங்க கதி? வக்கீல் சொன்னத நம்பி அந்த எல்லைக்குள்ள நடந்தவங்க மேல கேஸு இல்லன்னு ஒபாமாவோட அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் சொல்லிட்டாரு. செஞ்சவன் 'வக்கீல் சொன்னாரு'ங்கான். வக்கீல் 'நான் கருத்துதான சொன்னேன், செஞ்சது அவன்'ங்காரு. எய்தவன் இருக்க அம்ப நோகக் கூடாதுன்னு நாம பேசிட்டிருக்கோம். இங்க எய்தவனும் போயிட்டான், அம்பும் போயிட்டு. ஜெயிலுக்கு ஒருத்தருமே போகலன்னு சொல்லக் கூடாது. அபு கிரைப் சிறையில கைதிகளக் கேவலப்படுத்துன சிப்பாய் ஒருத்தனுக்கு 10 வருஷம். பலகை விஷயத்த டி.வி.யில பேசுன சிஐஏக்காரர் ஜான் கிரியாக்குவுக்கு 30 மாசம். ஊத்துனதுக்கு இல்ல, கூட வேலை பாத்தவர் பேர நிருபர்ட்ட சொன்னதுக்கு.

'தாத்தா, கருத்து தப்பாப் போச்சுன்னு வக்கீலத் தண்டிச்சா, நாளைக்கு எவன் அரசாங்கத்துக்குக் கருத்து சொல்லுவான்?'ன்னு நீ வாயெடுக்கது தெரியுது. நல்ல கேள்வி. பயந்த வக்கீல் எல்லாத்துக்கும் 'கூடாது'ன்னு எழுதுவான். ஒரு ரோடு போட முடியாது, ஒரு பாலம் கட்ட முடியாது. ஆட்சி மாறும்போதெல்லாம் முந்துன ஆட்சி வக்கீலப் பிடிச்சு உள்ள போடுவான். கணிப்பு தப்புறதுக்கு ஜெயில்னா, கோர்ட்டுல தோக்குற பாதிப் பேரும் களி திங்கணும். அதுக்கு நானும் சம்மதிக்க மாட்டேன்.

ஆனா தப்பாச் சொல்றது வேற, மறச்சுச் சொல்றது வேற. எதிரா இருக்குற தீர்ப்ப எடுத்து வச்சு, 'இது நமக்குப் பொருந்தாது, ஏன்னா இன்னது'ன்னு எழுதித் தோத்தா, அவன் தோத்த வக்கீல். அத அமுக்கிட்டு எழுதுனா, அவன் அந்தக் காரியத்துல ஒரு ஆளு. 1947ல நியூரம்பர்க்ல நாஜி காலத்து ஜெர்மன் நீதிபதிகளையும் சட்ட அமைச்சக அதிகாரிகளையும் கூண்டுல ஏத்துனது யாரு? அமெரிக்க நீதிபதிகதான். அமைச்சகத்துல செயலரா இருந்து பொறவு பொறுப்பு அமைச்சராவும் இருந்த ஷ்லேகல்பெர்கருக்கு ஆயுள் தண்டனை குடுத்தாவ. அவரு யாரையும் கையால தொடல, பேனாவாலதான் தொட்டாரு. அவுக செஞ்ச கொடுமையும் இதுவும் ஒரே எடைன்னு நான் சொல்லல. பேனா பிடிச்ச கைன்னு ஒதுக்கி வைக்கக் கூடாதுன்னு அன்னைக்குத் தீர்ப்பு எழுதுனவுகளுக்கு, சொந்த ஆபீஸு பேனான்னதும் கை நடுங்கிச்சுன்னுதான் சொல்லுதேன்.

விலங்கு மாட்டணுமா வேண்டாமாங்கிறத கோர்ட்டு பாத்துக்கிடட்டும். பேனாவையாவது வாங்கி வச்சிருக்கலாம்லா? வக்கீல் உரிமத்த ரெண்டு வருஷம் நிறுத்தியிருந்தாலே, அடுத்து அந்த நாக்காலியில உக்காருறவன் ஒரு பழைய தீர்ப்பக் கூடுதலாப் படிச்சிருப்பான்.

சரி, ஒனக்கு வேலை கெடச்சா நான் சொல்றதக் கேளு. பெரிய ஆள் ஒருத்தர் வந்து 'இப்படிச் செய்யலாமா'ன்னு கேட்டா, தெரிஞ்சதச் சொல்லு, தப்பினாலும் கவலைப்படாத. 'இப்படிச் செய்யலாம்னு எழுதிக் குடு'ன்னு கேட்டாருன்னா, "எழுதுதேன் அண்ணாச்சி, நீங்க எங்கிட்ட என்ன கேட்டீங்கங்கிறத மொத வரியில போட்டு, அதுக்கு ஒங்க கையெழுத்தயும் வாங்கிக்கிடுதேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. பெரும்பாலும் ஓடிருவாரு. அதுக்கும் சரின்னு பேனாவ எடுத்தாருன்னா, யய்யா, நீ ஓடிரு.