தையல் மெஷின் கம்பெனியின் துப்பாக்கி

கேள்வி: பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களைப் படாதபாடு படுத்தும் துப்பாக்கி எது?

பதில்: நம் வீடுகளில் தடதடத்த தையல் மெஷினைச் செய்த அதே சிங்கர் கம்பெனியின் பிஸ்டல்தான்! அமெரிக்க ராணுவத்துக்காக 1941-ல் அவர்கள் செய்த எம்1911ஏ1 பிஸ்டல்கள் மொத்தமே 500. பிறகு பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவிகள் பக்கம் போய்விட்டார்கள். ஐந்நூறும் போருக்குள் கலந்துவிட்டன. தேடிப் பிடித்தாலும் வயிற்றெரிச்சல்தான்: ராணுவப் பட்டறையில் பழுதுபார்த்தபோது மேல்பாகம் ஒன்றினுடையது, கீழ்ப்பாகம் இன்னொன்றினுடையது என்று மாறியிருக்கும். போதாக்குறைக்கு, வேறு பிஸ்டலில் சிங்கர் முத்திரையையும் 'எலிசபெத், நியூஜெர்சி' என்ற ஊரையும் பொறித்து விற்கும் கொடுமை வேறு. எஸ்800001 முதல் எஸ்800500 வரை: வரிசை எண் இதற்குள் இல்லையா? காசை வெளியே எடுக்காதீர்கள்!