செத்தவன எழுப்பற பொத்தான்

வா கண்ணு, உக்காரு. அந்தப் போனைச் சித்த நேரம் கவுத்து வெய்யி. என்ன மூஞ்சி இது? பந்தியில பாயசம் கெடைக்காம எந்திரிச்சவனாட்டம் இருக்குது. ஆட்டத்தோட முடிவு சரியில்லையா? அடப் போச்சாது போ, ‘மாஸ் எஃபெக்ட்’தான?

எனக்கென்ன தெரியும்னு நெனச்சயா? என்ற பேரன் டிவிக்கு முன்னால உக்காந்து மூணு பாகத்தையும் ஆடுனான். பொறகால கயித்துக் கட்டல்ல படுத்துட்டு முழுசும் பாத்தவன் நானு. ஷெப்பர்டுன்னு ஒரு ராணுவக்காரன். பொம்பளையா வேணும்னாலும் ஆடிக்கலாம். அவனுக்கு ஒரு கப்பல். அண்டத்தையே கூட்டி அள்ள வர்ற ரீப்பர்னு ராட்சச எந்திரங்க. செய்யறதையும் பேசறதையும் நீதான் முடிவு பண்ணோணும். மேல நீல எழுத்தத் தொட்டா நல்லவன். கீழ செவப்பு எழுத்தத் தொட்டா மொரடன்.

இதைச் செஞ்சது கனடாவுல எட்மண்டன் ஊரு பயோவேர் கம்பெனி. 1995ல வைத்தியம் படிச்சவங்க சேந்து ஆரம்பிச்சது. நாடி பாக்கத் தெரிஞ்சவங்க கையில சனங்க நாடி தப்புமா? 2007ல மொதப் பாகம், 2010ல ரெண்டாவது, 2012ல மூணாவது. மொதப் பாகத்துல நீ யாரைக் கொன்னே, யாரை உட்டேங்கற கணக்கு அப்படியே அடுத்ததுக்கு வரும். இது என்ன கண்ணு? நம்மூரு மொய் நோட்டு! காதுகுத்துல வெச்ச அம்பது ரூவா கலியாணத்துல திரும்பி வரோணும். அஞ்சு வருசமா எழுதுன நோட்டு.

கடைசி விருந்துல நோட்டைப் பிரிக்கவேயில்ல. அதான் வயித்தெரிச்சல். அண்டத்தோட உச்சாணியில பேயாட்டம் ஒரு சின்னப் பையன் வந்து நிக்கறான். எந்திரத்த அழிக்கறயா, அடக்கி ஆளறயா, மனுசனையும் எந்திரத்தையும் ஒண்ணாக் கலக்கறயான்னு மூணு வழி காட்டறான். செவப்பு, நீலம், பச்சை. எதைத் தொட்டாலும் அதே வெடி, அதே ஓட்டம், கலரு மட்டுந்தான் வேற. நூறு மணி நேரம் ஆடுனவன் கையில மிட்டாய்க் கடைக் காயிதத்தக் குடுத்தாப்பல ஆயிருச்சு.

சனங்க சும்மா இருப்பாங்களா? ஒருத்தரு அமெரிக்க அரசாங்கத்தோட வணிக ஆணையத்துக்கே மனுப் போட்டுப்போட்டாரு. பொம்மை ஆட்டத்து முடிவுக்குப் பிராது! இன்னொரு கூட்டம் சேந்து நோவாளிக் கொழந்தைகளுக்குன்னு 80,000 டாலருக்கு மேல வசூல் பண்ணிக் குடுத்துச்சு. கோவத்துல பண்ணுன தர்மம். அதைக் கொறை சொல்ல எனக்கு வாயில்ல.

எனக்குப் புடிச்சது கப்கேக் சங்கதிதான். காசு தண்டி 400 சொச்சம் கப்கேக்கு வாங்கிக் கம்பெனிக்கே அனுப்புனாங்க. மேல செவப்பு, நீலம், பச்சைன்னு மூணு கலரு. கடிச்சுப் பாத்தா எல்லாமே ஒரே வெனிலா ருசி! எவன் யோசிச்சானோ, அவன் வாயில சக்கரை போடோணும். பத்துப் பக்க மனுவுல வராத சூடு ஒரு கேக்குல வந்துருச்சு. கம்பெனிக்காரங்களும் அதைத் திங்காம இளசுங்க தங்கற ஒரு காப்பகத்துக்குக் குடுத்துட்டாங்களாம்.

அப்ப தப்பு கம்பெனி மேலதானான்னு கேக்கறயா? ஆமா. நோட்டுப் போட்டு எழுதுனவன் நோட்டைப் பிரிக்கோணும். அது நாயம். ஆனா கண்ணு, உன்ற பக்கத்துல ஒரு ஓட்டை இருக்குதே, அதைப் பாத்தயா?

மொதப் பாகத்துல விர்மயர்னு ஒரு கெரகம். உன்ற கூட்டாளி ரெக்ஸ், குரோகன் சாதிக்காரன், ஆமைக்கும் காண்டாமிருகத்துக்கும் பொறந்தவனாட்டம் இருப்பான். அவுங்க சனத்துக்குப் புள்ள தங்காதபடி எவனோ நோயப் பரப்பி உட்டுட்டான். அதுக்கு மருந்து அங்க எதிராளி கையில இருக்குது. நீ எடத்தையே கொளுத்தப் போறேங்கறே. ரெக்ஸ் துப்பாக்கியத் தூக்கிட்டான். தூக்கமாட்டானா? எனக்கே தூக்கோணும்னு இருந்துச்சு. பேசித் தணிக்கலையின்னா அவன் அங்கயே சாவோணும்.

என்ற பேரன் பேச்சு பலிக்கல. ரெக்ஸ் மண்ணுல சாஞ்சான். பய அழுவானாக்குன்னு பாத்தேன். அழுவலை. நாலு பொத்தான அமுக்கி, முன்னால சேத்து வெச்ச எடத்துல இருந்து ‘லோடு’ பண்ணுனான், ரெக்ஸ் உசுரோட வந்து நின்னான்! மறுக்காச் சுட்டாங்க, மறுக்கா எழுப்புனான். மூணாந்தடவைக்குப் போனை எடுத்து நோண்டி, ரெக்ஸோட குடும்பக் கவசத்த முன்னாலயே மீட்டுக் குடுத்திருக்கோணும்னு கண்டுபுடிச்சான். திரும்பிப் போயி, அதைத் தேடிக் குடுத்து, கடைசியில காப்பாத்திப்போட்டான். எமன் கூட இவன்கிட்ட வேலைக்கு ஆவாது.

இப்பச் சொல்லு, இதுல நீ எடுத்த முடிவு எது? உனக்கு ஒண்ணு தெரியுமா? ரெக்ஸ் செத்தா அவன் எடத்துல ரீவுன்னு பங்காளி ஒருத்தன் வந்து உக்காருவான். ரத்தம், பழின்னு திரியற பய. அவன் தலைவனா இருந்தாத்தான், இன்னும் ஒண்ணு ரெண்டும் கூடி வந்தா, மூணாம் பாகத்துல உன்ற இன்னொரு கூட்டாளி மோர்டின் டாக்டர் சாவாமத் தப்பிக்க ஒரு வழி தெறக்கும். ஒருத்தன் சாவுல இன்னொருத்தன் உசுரு. எவ்வளவு நேக்கா எழுதி வெச்சிருக்கான்! அதை நீ பாத்தயா? செத்தவனைப் பூரா எழுப்பி உட்டுட்டு, ‘என் முடிவுக்கு ஒரு வெலையும் இல்லை’ங்கறயே, வெலையக் குடுத்தா வாங்குனே?

2020ல, முன்னால பயோவேர்ல வேலை பாத்த ஒருத்தரு போட்டு ஒடைச்சாரு. நூத்துக்கு 92 பேரு மாதிரி நல்லவனாத்தான் ஆடுனாங்களாம். மொரடன் வழிக்குன்னு மெனக்கெட்டு எழுதுனதெல்லாம் பாழ். வெளிய வந்து ‘சுதந்திரம், சுதந்திரம்’னு தொண்டை கிழியக் கத்தறது. உள்ள போனா எல்லாரும் ஒரே தடத்துல வரிசையாப் போற செம்மறி. அப்பறம் மூணு கலரும் ஒரே ருசின்னா எப்படி?

மூணாம் பாகம் வந்த 2012லயே, ஜூன் மாசம், கம்பெனி முடிவ நீட்டி, காசில்லாமக் குடுத்துச்சு. யாரு என்னானாங்கன்னு வெவரமும் சேத்தாங்க. கூடவே ஒரு குறும்பு. மூணு வழியும் வேண்டாம்னு மறுக்கலாம், அந்தப் பையனையே சுடலாம். சுட்டா என்ன ஆவும்? ஷெப்பர்டு கூட்டம் பூண்டோட அழியும். உனக்கு வேண்டிய சுதந்திரம் இந்தா, புடிச்சுக்கோ! அதுக்கும் ஒரு கூட்டம் ‘எங்களைக் குத்திக் காட்டறான்’னு எகிறுச்சு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு.

போன வாரம் பேரன் மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிச்சான். விர்மயர்ல ரெக்ஸ் துப்பாக்கியத் தூக்கற நேரம், அவுங்காத்தா சோத்துக்குக் கூப்புட்டா. பய அப்படியே நிறுத்திப்போட்டு எந்திரிச்சுப் போனான். நான் கண்ணாடியப் போட்டுட்டு கண்ட்ரோலர எடுத்தேன். அவனச் சுடற பதிலு எங்க இருக்குதுன்னு தேடி அமுக்குனேன். சோத்துக் கையோட ஓடியாந்தான்.

“அப்பாரு! என்ன பண்ணீட்டீங்க? குடுங்க, லோடு பண்ணோணும்!”

கண்ட்ரோலரத் தலகாணிக்கு அடியில சொருகி, அதுமேல தலைய வெச்சுப் படுத்துட்டேன்.

“செத்தவனுக்குக் கருமாதி ஆவட்டும். 16 நாள் கழிச்சு வா.”