தாயைக் காட்டச் சொல்கிறார்கள், ஐயா!

அனுப்புநர்:
பதிவு எண் இல்லாத ஒரு நாய்க்குட்டி வியாபாரி,
(முகவரி அவ்வப்போது மாறும்)
சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம்,
சென்னை.

பொருள்: கேள்வி கேட்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து பாதுகாப்புக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாய்க்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்காத வீடு இன்று ஏது? அந்த அடத்தை நம்பித்தான் என் குடும்பம் பிழைக்கிறது. பிறந்தநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் ஓர் அப்பா போன் செய்வார். "லேப் குட்டி இருக்கா? நாளைக்குக் காலையில வேணும்" என்பார். என்ன நிறம், என்ன விலை, வீட்டுக்கே வருமா என்று மூன்று கேள்வி கேட்பார். ஜிபேயில் முன்பணம் வந்துவிடும். அவரைப் போன்ற உத்தமர்கள் இருப்பதால்தான் மழை பெய்கிறது.

அண்மைக் காலமாக வேறு மாதிரி ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மையார் குடும்பத்தோடு வந்தார். அட்டைப்பெட்டியில் இருந்த குட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்தார்கள். வியாபாரம் படிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா நிதானமாக, "தம்பி, தாய் நாயைப் பார்க்கணுமே" என்றார்.

"பண்ணையில இருக்கு மேடம்."

"பண்ணை எங்க?"

"செங்கல்பட்டு தாண்டி."

"நல்லதாப் போச்சு. கார்லதான் வந்திருக்கோம், வாங்க போலாம்."

இல்லாத பண்ணைக்கு எந்த வழியாகப் போவது, ஐயா? சமாளித்துக்கொண்டு செல்போனில் தாயின் படத்தைக் காட்டினேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். "நாய் நல்லாருக்கு. செங்கல்பட்டுல எப்ப தம்பி பனி கொட்டுச்சு?" என்றார்.

அத்தோடு விட்டாரா? குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். "எட்டு வாரக் குட்டின்னு சொன்னீங்க. எட்டு வாரத்துல 28 பால்பல்லும் முளைச்சிருக்கணுமே. இதுக்கு இப்பதானே முன்பல் எட்டிப் பார்க்குது" என்றார். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வது எனக்கும் தெரியும். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கற்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஐந்து வாரக் குட்டிக்கு இருக்கும் மவுசு எட்டு வாரக் குட்டிக்கு இல்லை. எட்டு வாரம் வரை அதற்குத் தீனி போடுவது யார்? ஆகவே பிறந்த தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம் தாத்தாக்கள் செய்ததுதானே!

அதே விதிகள், பெட்டை நாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. இதில் எங்கள் ஆட்கள் மிகவும் கண்டிப்பு. ஐந்து வரை எண்ணுவார்கள். அதற்கு மேல் எண்ணவே மாட்டார்கள். ஓய்வு பெறும் தாய்க்கு நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இடம் பார்த்து, இரவோடு இரவாக இறக்கிவிட்டு வந்துவிடுவோம். இப்படிப்பட்ட தாயை எப்படி ஐயா வாடிக்கையாளர் கண்ணில் காட்டுவது? எலும்பும் தோலுமாக, மடி தரையில் உரசிக்கொண்டு வந்து நின்றால் குட்டியின் விலை என்ன ஆகும்?

அடுத்த தொல்லை தடுப்பூசிப் புத்தகம். நான் நீல மையில் அழகாகத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அந்த அம்மா, "மருந்து பாட்டில் ஸ்டிக்கர் எங்க, டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் எங்க?" என்கிறார். பேச்சை மாற்ற, மூன்று நாள் கேரண்டி என்றேன். இந்த மூன்று நாள் கணக்கு எங்கள் தொழில் ரகசியம். பார்வோ கிருமி உள்ளே போனபின் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கப் பொதுவாக மூன்றிலிருந்து ஏழு நாளாகும். அதற்குள் கேரண்டி முடிந்திருக்கும். ரொம்பவும் அழுதால் வேறு குட்டி கொடுப்போம். பார்வோ கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், அந்தக் குட்டிக்கும் வர வாய்ப்புண்டு. மூன்றாவது குட்டியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

"கேசிஐ பேப்பர் இருக்கு மேடம்" என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டேன். நம்மூரிலேயே தலைமையகம் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழுக்கு அவ்வளவு மரியாதை. பேப்பரோடு ஒரு விலை, இல்லாமல் பாதி விலை. அவரோ, "அது பாட்டன் பூட்டன் பேரைச் சொல்லும். இடுப்பு மூட்டு நல்லாருக்கான்னு சொல்லாதே. தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்றார். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும் என்பதை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சரி, நாட்டு நாய்க்கு மாறலாம் என்று பார்த்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. 2005-இல் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டதிலிருந்தே ராஜபாளையம் நாய்க்கு ஒரு கௌரவம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு என்று கேட்டு வாங்குவார்கள். அந்த வெள்ளையோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும், கூப்பிட்டால் திரும்பாது. "ரொம்ப அமைதியான குட்டி சார்" என்று விற்றுக்கொண்டிருந்தேன். இப்போது முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். சைதாப்பேட்டையில் அரசே நடத்திய நாட்டு நாய்ப் பண்ணை, பராமரிப்பு பற்றிய புகார் உயர் நீதிமன்றம் வரை போய் மூடப்பட்டது. அரசுக்கே கைவராத காரியத்தை என்னிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

இன்னொரு முறையீடும் உண்டு. எங்கள் தொழிலையே கெடுக்கும் சிலர் இருக்கிறார்கள். முறையாகப் பதிவு செய்து, சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். குட்டி வேண்டும் என்றால், "இப்ப இல்ல, அடுத்த ஈத்துக்குச் சொல்றேன்" என்று மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள். வாங்க வந்தவரையே விசாரிப்பார்கள்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா, ஊருக்குப் போனால் என்ன செய்வீர்கள்? பதில் பிடிக்கவில்லை என்றால் பணத்தை வாங்காமலே அனுப்பிவிடுவார்கள். வளர்க்க முடியவில்லை என்றால் நாயைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக வேறு சொல்கிறார்களாம். வியாபாரம் தெரியாத ஜென்மங்கள். அவர்கள்மீது தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

மற்றபடி சட்டத்தின்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதியாமல் மாட்டிக்கொண்டு, கொடுமை செய்தேன் என்று வழக்கே வந்தாலும், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். சென்னை மாநகராட்சியில் நாய் வளர்க்க உரிமம் வாங்கவும் வெகுகாலம் அதே 50 ரூபாய்தான் இருந்தது. வளர்ப்பவரையும் வதைப்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அந்தச் சமத்துவத்தைத் தயவுசெய்து மறந்துவிட வேண்டாம்.

ஆகவே ஐயா, தங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பதிவு பெற்றவர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தமிழில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை பிராட்வேயிலும் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை வாசலிலும் ஒட்டிவிடாதீர்கள். தாயை நேரில் பார், பல்லை எண்ணு, ஊசிப் புத்தகத்தில் டாக்டர் கையெழுத்தைத் தேடு, பதிவுச் சான்றிதழைக் கேள், இவற்றில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடு என்று பொதுமக்களிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அழுகிறது என்று அவசரப்பட்டு வாங்காதே, நல்ல குட்டிக்கு நாலு மாதம் காத்திருக்கலாம் என்று மட்டும் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்குகிறவர்கள் இருக்கும்வரை எங்களுக்கு ஒரு குறையும் வராது. அவர்கள் திருந்திவிட்டால் தங்கள் நடவடிக்கைக்குத் தேவையே இருக்காது. நாங்களே கடையைக் கட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவு எண் இல்லாதவன்.