அருவிகளைத் தேடி வளைந்த சாலை

கேள்வி: அமெரிக்காவில் போர்ட்லண்ட் போகிறேன். கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கைப் பார்க்க விரைவுச்சாலையே போதுமா, பழைய சாலையில் சுற்ற வேண்டுமா?

பதில்: விரைவுச்சாலை ஊருக்குக் கொண்டு சேர்க்கும், பழைய சாலை அருவிக்குக் கொண்டு சேர்க்கும். 1913-இல் தொடங்கி 1922-இல் முடிந்த அந்தச் சாலையைப் பொறியாளர் சாமுவேல் லான்காஸ்டர் அழகான இடங்களைத் தேடித் தேடி வளைத்தார். ஏற்றம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்பது விதி. அதற்கு மேல் போனால் அன்றைய கார்களுக்கு மூச்சு வாங்கும்! கிரௌன் பாயிண்ட் பாறைமேல் நிற்கும் விஸ்டா ஹவுஸில் கட்டாயம் இறங்குங்கள். 620 அடி மல்ட்னோமா அருவிக்கு விடியலிலேயே போய்விடுங்கள், கூட்டம் அலைமோதும். இதே பழைய சாலையின் மோசியர் இரட்டைச் சுரங்கங்களில் இப்போது காருக்கு அனுமதியில்லை. வாடகை சைக்கிளாவது எடுத்துக்கொண்டு போங்கள், விட்டுவிடாதீர்கள்.