எந்த மலையில் விழுவது?

டாலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலனில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது யு.எஸ். 75-இன் மேம்பாலங்கள்தான். அதையும் தாண்டி உயரம் பார்க்க ஆசைப்பட்டால் பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானம் இருக்கிறது. 6 கோடி டாலர் செலவழித்து 2012-இல் திறந்தார்கள். 18,000 பேர் உட்காரலாம். அதன் கடைசிப் படியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் டெக்சாஸ் தெரியும், மலை தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு தமிழர்கள் டிசம்பர் வந்தால் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், எல்லோரும் இமயமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

இத்தனைக்கும் பனி என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் அது எங்களைத் தேடி வீட்டுக்கே வந்தது. டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். கரண்ட் போய்விட்டது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மாநிலத்தின் மின்கட்டமைப்பே மொத்தமாகப் படுத்திருக்கும் என்று அதை நடத்துகிறவர்களே பிறகு சொன்னார்கள். கல்யாணத்துக்கு வந்த கம்பளியிலிருந்து கொலு மேடைக்கு விரிக்கும் துணி வரை அத்தனையையும் போர்த்திக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டோம். அந்தப் பனி உருகி, வெடித்த குழாய்களை மாற்றி முடித்த கையோடு, பனி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து டிக்கெட் போட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்களையும் சேர்த்து.

டெக்சாஸ்காரர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாமே கொலராடோதான். விடிய விடிய வண்டி ஓட்டினால் போய்விடலாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சறுக்க வருகிறவன் டெக்சாஸ்காரன் என்று கொலராடோவில் ஒரு கேலி உண்டு. அதனாலேயே நாங்கள் தலையிலிருந்து கால் வரை புதுசாக வாங்கிப் போட்டுக்கொண்டு போனோம். அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் பீட்சா. அதாவது, இரண்டு பலகைகளின் முனைகளையும் முன்னால் சேர்த்து முக்கோணமாக வைத்தால் வேகம் குறையும். நேராக வைத்தால் ஃப்ரெஞ்ச் ஃப்ரை, பிய்த்துக்கொண்டு போகும். என் பையன் ஃப்ரெஞ்ச் ஃப்ரையில் கிளம்பிவிட, நான் பின்னாலிருந்து “பீட்சா! பீட்சா!” என்று கத்திக்கொண்டே உருண்டேன். பசியில் கத்துகிறேன் என்று நினைத்தோ என்னவோ, ஒரு புண்ணியவதி பையிலிருந்து கிரானோலா பார் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பசியும் இருந்தது.

ஆலன், பிளேனோ, ஃப்ரிஸ்கோ தமிழர்களில் இரண்டு கட்சி உண்டு: எபிக் பாஸ், ஐகான் பாஸ். இரண்டுமே பல மலைகளுக்குச் சேர்த்து விற்கும் பருவ டிக்கெட். மலிவாகக் கிடைக்க வேண்டுமென்றால் வசந்த காலத்திலேயே அடுத்த பனிக்காலத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட வேண்டும். ஒரு கட்சியில் சேர்ந்தால் மற்ற கட்சியின் மலையில் கால் வைக்கக் கை நடுங்கும், ஏனென்றால் கூட்டமான நாளில் கொலராடோவின் வெய்ல் மலையில் ஒரு நாள் டிக்கெட்டுக்கு 300 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். நாங்கள் எபிக். பக்கத்து வீட்டில் எபிக் வாங்கியிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு சித்தாந்தப் பின்னணி எதுவும் கிடையாது.

சறுக்க ஜப்பான் போகலாம் என்ற பேச்சை எடுத்தது அப்பா. எங்களோடு தங்க வந்திருந்தவர், வருஷக் கடைசியில் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். டாலஸிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானம், அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து திருச்சி. “போற வழிதானேடா, எல்லாருமா எறங்கிப் பாத்துட்டு நீங்க திரும்பிடுங்க. நான் அப்படியே போயிடறேன்” என்றார். பத்தாயிரம் கிலோமீட்டரைப் ‘போற வழி’ என்று சொல்ல ரயில்வேயில் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து கொடுத்த பட்டறை. மலை என்றாலே அவருக்கு அதில் ரயில் எப்படி ஏறுகிறது என்பதுதான் விஷயம்.

நானும் கணக்குப் போட்டேன். அங்கே பேர் பெற்ற நிசெகோ மலையில்கூட ஒரு நாள் டிக்கெட் பத்தாயிரம் யென் சொச்சம்தான். இன்றைய யென் விலையில் வெய்லில் கேட்பதில் கால்வாசி வராது. ஆக, ஜப்பான் போனால் மிச்சம். விமான டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்காத வரைக்கும் மிச்சம்தான். சேர்க்கவில்லை.

எந்த மலை என்பதில்தான் குடும்பம் உடைந்தது. நான் எக்செல் திறந்தேன். மென்பொருள்காரன் வீட்டில் புடவை எடுப்பது வரை எல்லாம் எக்செல்தான். பனியின் அளவு, பயணத் தூரம், பாஸ், சாப்பாடு, வெந்நீர் ஊற்று என்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ்.

மகள் நிசெகோ என்றாள். ஹொக்கைடோ தீவு, வருஷத்துக்குப் பதினைந்து மீட்டர் பனி கொட்டுகிறது என்று பெருமை பேசும் ஊர். ஏன் அவ்வளவு என்று நான் விளக்கினேன்: சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்ந்த, வறண்ட காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து மலையில் முட்டிக் கொட்டுகிறது. நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவில் செய்யும் அதே வேலை. “அப்ப நம்ம ஐப்பசி மழைக்குப் பெரியப்பா பையன்னு சொல்லு” என்றார் அப்பா. ஆனால் நிசெகோ ஐகான் கட்சி. அதோடு டோக்கியோவில் இறங்கி இன்னொரு விமானம், அப்புறம் பஸ். தாத்தாவின் முழங்காலைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்தோம். பாஸ்தான் காரணம் என்று மகளுக்குத் தெரியும்.

எபிக் பாஸில் ஹக்குபா உண்டு, ஐந்து நாள் சறுக்கலாம். 1998 நாகானோ ஒலிம்பிக்ஸின் மலைச்சறுக்குப் போட்டி நடந்த இடம். இந்தியாவிலிருந்து அந்த ஒலிம்பிக்ஸுக்குப் போனவர் ஒரே ஒருவர், பதினாறு வயது சிவ கேசவன்; லூஜ் வண்டியில் மல்லாந்து படுத்துப் பாய்ந்து 28-ஆவதாக வந்தார். அதே வருஷம்தான் ‘முத்து’ டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. நாகானோ என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. எக்செல்லில் ஹக்குபாதான் முதலிடம். எக்செல்லை என்னைத் தவிர யாரும் திறக்கவில்லை.

பையனுக்குக் குரங்கு. ஷிகா கோகென் சறுக்குத்தளத்துக்குப் பக்கத்தில் ஜிகொக்குதானியில் பனிக்குரங்குகள் வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினான். “அழகர்கோவில்ல இல்லாத கொரங்கா?” என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் மனைவிக்கு நொசாவா ஒன்சென் பிடித்துப் போயிற்று. பழைய கிராமம், ஊர்க்காரர்களே பராமரிக்கும் பதின்மூன்று பொதுக் குளியலறைகள், காசு கிடையாது. சறுக்கி முடித்துக் கால்வலிக்கு வெந்நீர். அடுத்த பக்கத்தில் விதிமுறை இருந்தது: உடம்பில் ஒரு நூல் இருக்கக் கூடாது. கொண்டுபோகும் குட்டித் துண்டையும் தண்ணீரில் நனைக்கக் கூடாதாம். தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். “மாமாவ அழைச்சிட்டுப் போற எடமாங்க இது?” என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். மாமாவுக்கு ஆட்சேபணையே இல்லை. “ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனின்னா என்னம்மா? காவேரியில கோமணம், அங்க அதுவும் இல்ல, அவ்ளோதானே.” எனக்குத்தான் ஆட்சேபணை. ஐம்பதை நெருங்கும் வயதில் தலையில் துண்டோடு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து என்ன பேசுவது? நொசாவாவின் மதிப்பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகக் குறைத்தேன்.

சாப்பாடு அடுத்த பஞ்சாயத்து. அப்பா சைவம். மிசோ சூப்பிலிருந்து காய்கறிக் கூட்டு வரை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாஷி என்ற சாறு; அதில் கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கல் மாதிரி ஆகும்வரை காயவைத்துச் சீவுகிறார்கள். அப்பா முகம் சுருங்கியது. தூத்துக்குடிக்காரியான என் மனைவியின் முகம் மலர்ந்தது. “ஐயோ, இது நம்ம மாசில்லா!” பிறந்த வீட்டில் மாசிச் சம்பல் சாப்பிட்ட கதைகளைச் சொல்ல ஆரம்பித்து, ஜப்பான்மீது அவளுக்கு ஒரு சம்பந்தி உரிமையே வந்துவிட்டது.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. ஐபேடை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையோ படித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்: “காலா யுசாவா.”

டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ரயில் நிற்பது சறுக்குத்தளத்துக்கு உள்ளேயே. டிக்கெட்டைக் காட்டி வெளியே வந்தால் அதே கட்டடத்தில் பலகை, பூட்ஸ், சட்டை எல்லாம் வாடகைக்கு. அங்கிருந்தே கோண்டோலாவில் மேலே போய்விடலாம். 1990 டிசம்பரில் திறந்த ஸ்டேஷன், பனிக்காலத்தில் மட்டும் இயங்கும். எச்சிகோ யுசாவாவிலிருந்து 1.8 கிலோமீட்டர் கிளைப் பாதை. ரெக்கார்டில் அது சாதாரண லைன்தான், ஓடுவது மட்டும் புல்லட் ரயில். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் தழுதழுத்தது. அந்த வழியில் தண்டவாளத்தின் ஓரத்தில் குழாய் பதித்து, சூடேற்றிய தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்களாம். “எவ்வளவு பனி கொட்டினாலும் வண்டி ஓடுது. இங்க ஒரு நாள் ஐஸ் விழுந்தா பள்ளிக்கூடத்தையே மூடிடறீங்க.” மலையைக் குடைந்த 22 கிலோமீட்டர் சுரங்கம் வேறு. நோபல் வாங்கிய கவாபாட்டாவின் ‘பனி நாடு’ நாவல் நடப்பதும் யுசாவாவில்தான், அது தொடங்குவதே ரயில் பழைய சுரங்கத்தைத் தாண்டும் இடத்தில் என்று என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். ஜப்பானில் முதன்முதலாகச் சறுக்கச் சொல்லிக்கொடுத்த ஆஸ்திரிய மேஜர் லெர்ஷ், 1911-இல் பாடம் நடத்திய தக்காதாவும் அதே நீகாத்தா மாவட்டம்தான் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்பாவின் கடைசி அஸ்திரம் அரிசி. ஜப்பானிலேயே உசத்தி என்று பெயரெடுத்த உஒனுமா கொஷிஹிகாரி விளைவது அந்த வட்டாரத்தில். மலைப்பனி உருகி வரும் தண்ணீரில் நடவு. “வெறும் சோறு போதும்டா. ஊறுகா நான் கொண்டு வரேன்.” அதற்குப் பிறகு எந்தப் பத்திக்கும் வெயிட்டேஜ் இல்லை.

எபிக் பாஸ் அங்கே செல்லாது என்று நான் முனகியதை மகள்கூட ஆதரிக்கவில்லை. ஸ்டேஷனுக்குள்ளேயே மலை என்பது அவளுக்கு வீடியோ போட வசதியாக இருந்தது. டிசம்பர் கடைசியில் பனி கூடக்குறைய இருக்கலாம், தை மாதம்தான் உச்சம் என்றேன். பத்து நாளில் ஒன்பது நாளாவது வகுப்பில் இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம், பிள்ளைகளுக்குத் தை மாதத்தில் யார் லீவு தருவார்கள் என்றாள் மனைவி. அன்றைக்கே டிக்கெட் போட்டாயிற்று.

செய்தி கேள்விப்பட்டு ஐகான் கட்சிப் பிளேனோ நண்பர் போன் செய்தார். “யுசாவாவா? அங்க ரன் எல்லாம் எப்படி? பிகினர்ஸுக்கு எத்தனை இருக்கு, மேல வரைக்கும் லிஃப்ட் போகுதா?” அப்போதுதான், அந்த எக்செல்லில் சறுக்குப் பாதைகளுக்கென்று ஒரு பத்திகூடப் போடவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

“முதல் வண்டி காலைல ஆறு மணி சொச்சத்துக்கே இருக்கு தம்பி. நடுவுல ஒமியாவுல நிக்கும்.”