கியர்ப் புணர்ச்சி: ஓர் இலக்கண ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சைக்கிள் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவ வேண்டும். வேலை இவ்வளவுதான். இதற்குப் பேட்டரி வேண்டுமா? வேண்டாம் என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எட்டப்பட்ட முடிவு; மரபு கருதி அது கடைசியில் அறிவிக்கப்படும்.

முன்னோர் நிலை

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் டெரெய்லருக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். பிறகு சாய்வுக் குழாயில் விரல் நீள லிவர் வந்தது. அது நினைத்த இடத்தில் நிற்பது வெறும் உராய்வால். 1980-களின் நடுவில் ஷிமானோ அதற்கு ‘டிக்’ என்று நிற்கும் படிகள் வைத்தது. 1990-இல் அதை பிரேக்கோடு சேர்த்தது. 2009 வாக்கில் மோட்டாரும் பேட்டரியும் ஏற்றியது.

கோட்பாடு

புணர்ச்சி இயல்பு, விகாரம் என இருவகை. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை என்கிறது நன்னூல். செயினும் அப்படியே.

இயல்பு: சத்தமின்றி ஏறுவது.
தோன்றல்: நடுவில் ‘கரகர’ ஓசை வருவது.
திரிதல்: மூன்றைக் கேட்டால் நான்கு கிடைப்பது.
கெடுதல்: செயினே கழன்று, பத்து விரலும் கறுப்பது.

உராய்வு லிவரில் முதல் இரண்டு விகாரத்துக்கும் மருந்து கட்டைவிரல்தான். கரகரத்தால் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறோம், ஓசை அடங்குகிறது. ‘டிக்’ லிவருக்கு முழு மாத்திரை மட்டுமே தெரியும், குற்றியலுகரத்தின் அரை மாத்திரை தெரியாது. கேபிள் சற்றே தொய்ந்தால் ஒவ்வொரு படியும் பிசகும். ஏழு பல்சக்கரத்துக்கான படிகள் எட்டுக்கு உதவா. உராய்வு லிவர் எண்ணிக்கையே கேட்பதில்லை.

பிறர் மதம் மறுத்தல்

‘மேட்டில் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டுமே’ என்பர். உண்மை; வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். ஆனால் அதனாலேயே மேடு வருமுன் யோசித்து மாற்றிவிடுகிறோம். முன்யோசனை கற்பிக்கும் கருவி குறையுடையது ஆகாது.

முடிவு

பேட்டரி தீர்ந்தால் சார்ஜர் தேட வேண்டும். லிவர் தளர்ந்தால் திருகை இறுக்கினால் போதும். பல லிவர்களில் அதற்கு நாணயம் நுழையும் பள்ளமே உண்டு. செலவு ஒரு ரூபாய். வேலை முடிந்ததும் அந்த ரூபாயும் சட்டைப்பைக்குத் திரும்பிவிடும்.