புறப்படப் போகிறவர்

கொடைக்கானலில் ஏழுரோடு சந்திப்பில் நின்று ஆப்பிரிக்கா வாத்தியார் வீடு எது என்று கேட்டால், தேநீர்க் கடைக்காரர் வழி சொல்லிவிட்டு, "இன்னும் கெளம்பலியே, இருப்பார், போங்க" என்று சேர்த்துச் சொல்வார். ஆப்பிரிக்காவுக்கும் வாத்தியாருக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

2006-இல் மலையெங்கும் குறிஞ்சி பூத்திருந்த காலத்தில், பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற இவர், ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டத்தில் சேர்ந்து கீழை ஆப்பிரிக்காவில் இரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். பிறரானால் முதலில் விண்ணப்பம் போட்டிருப்பார்கள்; இவரோ நேரே சென்னைக்குப் போய், கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார். புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன்பாவது போட வேண்டும் என்பது விதி. அந்த ஊசிக்கு அன்று பத்து வருஷம் ஆயுள். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை வாத்தியார் ஆற அமர யோசித்துக் கொண்டிருக்கையிலேயே அந்த ஆயுளும் பாஸ்போர்ட்டின் ஆயுளும் சேர்ந்து முடிய, மறுபடி கிண்டிக்குப் போக வேண்டுமோ என்று மனிதர் கவலைப்பட்ட 2016-இல், அந்த ஊசி வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று உலகச் சுகாதார விதியே திருத்தப்பட்டுவிட்டது. ஏழாயிரம் அடி உயரத்தில், கம்பளிக்குள் உட்கார்ந்தபடி, தாம் காணாத ஒரு கண்டத்தின் கொசுக்களிடமிருந்து சாசுவதமாக அபயம் பெற்றவர் இவர் ஒருவரே.

இந்த ஊரை உண்டாக்கியவர்களும் ஒருவகையில் தொண்டு செய்யக் கடல் கடந்தவர்களே. கப்பலில் மாதக்கணக்காக வந்து மதுரைச் சீமையில் இறங்கிய அமெரிக்கப் பாதிரிமார், காய்ச்சலுக்குப் பலியாவது பொறுக்காமல் 1845-இல் இங்கே வீடு கட்டினார்கள். அன்று மோட்டார்ப் பாதை ஏது? டோலி தூக்கிகளின் தோளில்தான் ஏறி வந்தார்கள். அவர்கள் காய்ச்சலைக் கண்ட பிறகு மலைக்கு வந்தார்கள். வாத்தியார் மலையை விட்டு இறங்காமலே காய்ச்சலை ஜயித்துவிட்டார்.

பாஷை விஷயத்திலும் அசிரத்தை சொல்ல முடியாது. சுவாஹிலிப் புத்தகம் ஒன்று வரவழைத்து, வந்தவர்களை "கரிபு" என்று வரவேற்கிறார். 'க்வாஹேரி', அதாவது போய்வருகிறேன் என்பது, மனப்பாடம் ஆகியும் உபயோகத்துக்கு வரவில்லை. 'போலே போலே' என்றால் மெள்ள மெள்ள என்று பொருளாம். அந்தப் பாடத்தில் மட்டும் இவரை மிஞ்ச சுவாஹிலி தேசத்திலேயே ஆள் கிடைப்பது அரிது.

வழியனுப்பு விழா இதுவரை மூன்று நடந்துவிட்டது. பொன்னாடைகள் குளிருக்கு நன்றாக உதவுகின்றன. அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்றுண்டு. ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கவும், நாயுடுபுரத்துப் பையன்களுக்குச் சாயங்காலத்தில் கணக்குச் சொல்லித் தரவும் யாராவது கூப்பிட்டால், "அடுத்த மாசம் நான் இருக்கமாட்டேனே, தம்பி" என்று வருத்தத்தோடு சொல்லிவிடுவார். அயல்நாட்டுத் தொண்டுக்கு ஆயத்தமாகிறவனிடம் உள்ளூர்த் தொண்டை எதிர்பார்ப்பது அநாகரிகம் என்று நாங்களும் தெரிந்துகொண்டோம். அவருடைய சம்சாரம் மட்டும், "போற ஊருக்காவது தண்ணி எடுத்துக் குடுப்பீங்களா?" என்று ஒருமுறை கேட்டதாகப் பிரஸ்தாபம்.

பெட்டி தயார். இரண்டு கொசுவலை, உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள், பூம்பாறை மலைப்பூண்டு, ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கென்று ஒரு டப்பா பழனிப் பஞ்சாமிர்தம். மற்றவை கெடாதாம், பஞ்சாமிர்தத்தை மட்டும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் புதிதாக வாங்கி வைத்துவிட்டுப் பழையதை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார். போன வருஷத்து டப்பா நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.